டாக்காவில் பாலித்தீன் பைத் தடை

டாக்காவில் பாலித்தீன் பைத் தடை என்பது வங்காளதேசத்தின் தலைநகரான டாக்காவில் ஜனவரி 1, 2002 முதல் நடைமுறைக்கு வந்த, மெல்லிய பாலித்தீன் கடைப் பைகளின் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றுக்கு எதிரான தடையைக் குறிக்கும். இத்தடை அதே ஆண்டு மார்ச் 1 முதல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இதனால், மெல்லிய பாலித்தீன் பைகளை முழுமையாகத் தடை செய்த முதல் நாடு என்று வங்காளதேசம் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

பிற நாடுகளில் இத்தகைய தடைகளுக்குக் கடல் மாசு, கால்நடைகளின் இறப்பு, ஊரின் தூய்மை போன்றவை காரணங்களாகக் கூறப்பட்டன. டாக்காவில் முதன்மைக் காரணம் மழைநீர் வடிகால் ஆகும். தடை முதல் சில ஆண்டுகளில் கண்கூடான வெற்றியைப் பெற்றது. பின்னர் படிப்படியாகத் தளர்ந்து, ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டமாயிற்று. 2024-இல் அதே தடை மீண்டும் ஒருமுறை நடைமுறைப்படுத்தப்பட்டது. ஆகவே டாக்காவின் கதை முன்னோடியின் கதையாகவும் எச்சரிக்கையாகவும் ஒருங்கே எடுத்துக் காட்டப்படுகிறது.

பின்னணி

வங்காளதேசத்தில் பாலித்தீன் பைகளின் வணிக உற்பத்தி 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று. அதற்கு முன் சந்தைக்குச் செல்வோர் வீட்டிலிருந்தே சணல் பையை எடுத்துச் செல்வது வழக்கம். மீன் வாங்குவோர் மூங்கிலால் முடைந்த சிறு கூடையைக் கொண்டு செல்வர்; அல்லது மீனின் செவுளில் கயிறு கோத்துத் தொங்கவிட்டு எடுத்து வருவர். சிறு மீன்களும் இறைச்சியும் சேம்பு இலையிலோ வாழை இலையிலோ பொதிந்து தரப்பட்டன. பருப்பு, சர்க்கரை போன்ற உலர்ந்த பொருள்களுக்குப் பழைய செய்தித்தாள்களையும் பள்ளிக் குறிப்பேட்டுத் தாள்களையும் ஒட்டிச் செய்த காகிதப் பைகள் இருந்தன. இவை வங்காள மொழியில் 'டோங்கா' எனப்படும். இவற்றை வீட்டிலிருந்தபடியே ஒட்டிக் கொடுப்பது ஏழைப் பெண்கள் பலருக்குச் சிறு வருமானமாக இருந்தது.

பாலித்தீன் பை இவை அனைத்தையும் சில ஆண்டுகளில் ஒதுக்கித் தள்ளியது. நனையாது, கிழியாது, எடை இல்லை, கடைக்காரர் விலையின்றியே கொடுத்துவிடுவார். மீன் உண்ணும் ஒரு நாட்டில் நீர் சொட்டாத பை எத்தகைய வசதி என்பதை விளக்க வேண்டியதில்லை. இறக்குமதியாகும் நெகிழி மணிகளை உருக்கி, காற்றூதிக் குழாய்போல் விரித்து, வெட்டி ஒட்டும் இயந்திரம் ஒன்றும் மின் இணைப்பும் இருந்தால் ஒரே அறையில் தொழில் நடத்த முடியும். பழைய டாக்காவின் சவுக்பஜார், லால்பாக், இஸ்லாம்பாக் முதலிய நெருக்கமான பகுதிகளில் இத்தகைய சிறு தொழிற்கூடங்கள் பெருகின. இவை சிறியனவாகவும் சந்துகளுக்குள் மறைந்தும் இருந்தமை பிற்காலத்தில் தடையைச் செயற்படுத்துவதில் பெரும் இடராக அமைந்தது.

நகரமும் மழைநீரும்

டாக்கா கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே கொண்ட தட்டையான நிலத்தில் அமைந்துள்ளது. புரிகங்கா, துராக், பாலு, சீதலக்யா ஆகிய ஆறுகள் நகரைச் சூழ்ந்துள்ளன. ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; அதன் பெரும்பகுதி பருவமழை மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. நீர் ஓடுவதற்குரிய சரிவு இயல்பாகவே மிகக் குறைவு. முற்காலத்தில் இந்நீரை ஆறுகளுக்குக் கொண்டு சென்றவை நகரினூடே ஓடிய கால்வாய்கள் ஆகும். வங்காள மொழியில் இவற்றுக்கு 'கால்' என்று பெயர் (தமிழ் வாய்க்காலை நினைவூட்டினாலும் இவ்வொலி ஒற்றுமை தற்செயலானதாகவே இருக்கலாம்). இவற்றுள் புகழ்பெற்ற தோலாய் கால் உட்படப் பல, நகர வளர்ச்சியின்போது தூர்க்கப்பட்டுச் சாலைகளாகவும் மூடிய வடிகால்களாகவும் மாறின.

1988-இல் பெருவெள்ளம் ஏற்பட்டது. அதன் பின்னர் ஆற்று வெள்ளம் புகாதவாறு நகரின் மேற்குப் பகுதியைச் சுற்றிக் கரை எழுப்பப்பட்டது. இக்கரை வெளிநீரைத் தடுத்தது. ஆயின் உள்ளே பெய்யும் மழை தானாக வெளியேறும் வழியையும் அதுவே அடைத்தது. அதன் பின் மழைநீர் வடிகால்கள் வழியாகச் சென்று, மதகுகளின் ஊடாகவோ நீரேற்று நிலையங்களின் பம்புகளாலோதான் ஆற்றை அடைய வேண்டும் என்னும் நிலை உருவாயிற்று. வடிகால் அடைபட்டால் நீருக்கு வேறு போக்கிடம் இல்லை.

பாலித்தீன் பை இவ்விடத்தில்தான் சிக்கலாகிறது. நீரைவிடச் சற்றே இலேசான பை மிதந்து சென்று வடிகாலின் இரும்புக் கம்பி வலையில் விரித்த துணிபோல் படிகிறது. அதன்மேல் அடுத்த பை, அதன்மேல் இலை தழை, பின்னர் வண்டல். உள்ளே புகுந்த பைகள் சேற்றை நிரப்பிக்கொண்டு கனத்துக் குழாயின் அடியில் தங்குகின்றன. மட்காத பொருளாதலால் ஒவ்வோர் ஆண்டின் பைகளும் முந்தைய ஆண்டின் பைகளோடு சேர்கின்றன. தடைக்கு முந்தைய ஆண்டுகளில், டாக்காவில் நாள்தோறும் 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட பைகள் வீசப்படுவதாகவும் அவற்றுள் 10 முதல் 15 விழுக்காடே குப்பைத் தொட்டியைச் சேர்வதாகவும் ஒரு மதிப்பீடு அடிக்கடி எடுத்தாளப்பட்டது.

1998-இல் நாட்டின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீரில் மூழ்கிய வெள்ளம் இரண்டு மாதங்களுக்கும் மேலாக நீடித்தது. டாக்காவின் கணிசமான பகுதியில் தேங்கிய நீர் கழிவுநீரோடு கலந்து நாட்கணக்கில் வடியாமல் நின்றது. 1988, 1998 வெள்ளங்களுக்குப் பாலித்தீன் பைகளே காரணம் என்று பல நூல்களிலும் செய்திகளிலும் எழுதப்படுவதுண்டு. இது சரியன்று. அவ்வெள்ளங்கள் பெரும் ஆறுகள் ஒரே காலத்தில் பெருக்கெடுத்ததால் ஏற்பட்டவை. பைகள் செய்தது, நகருக்குள் வந்த நீரையும் பெய்த நீரையும் வெளியேறவிடாமல் நிறுத்தியதாகும். தண்ணீரில் வாழ நேர்ந்த மக்களுக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றியிராது. பைத் தடையிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்பதை அறிய விரும்புவோருக்கு இது இன்றியமையாதது.

தடைக்கான இயக்கம்

சுற்றுச்சூழல் மற்றும் சமூக வளர்ச்சி அமைப்பு என்னும் தன்னார்வ நிறுவனம் 1990-இல் பாலித்தீன் பைகளுக்கு எதிரான பரப்புரையைத் தொடங்கியது. 1990-களின் முற்பகுதியில் அரசு தடையைப் பற்றி எண்ணியபோதிலும் அது நிறைவேறவில்லை. உற்பத்தியாளர்களின் எதிர்ப்பும் வேலையிழப்பு பற்றிய அச்சமும் இதற்குக் காரணங்களாயின. 1998-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் மக்கள் கருத்து மாறியது. 2001 அக்டோபரில் காலிதா ஜியா தலைமையில் அமைந்த அரசில் சுற்றுச்சூழல் அமைச்சராகப் பொறுப்பேற்ற ஷாஜகான் சிராஜ் இத்தடையைத் தம் முதற்பணிகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டார். இவர் 1971 விடுதலைப் போராட்டக் கால மாணவர் தலைவர்களுள் ஒருவராவார். புகை கக்கும் இரட்டை வீச்சு இயந்திர ஆட்டோக்களை டாக்கா சாலைகளிலிருந்து 2003 தொடக்கத்தோடு அகற்றியதும் இதே அரசுதான்.

சட்டம்

1995-ஆம் ஆண்டின் வங்காளதேசச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் '6அ' என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. சுற்றுச்சூழலுக்குத் தீங்கானது எனத் தெரியவரும் பாலித்தீன் பைகளையோ பிற பொருள்களையோ உற்பத்தி செய்தல், இறக்குமதி செய்தல், விற்றல், விற்பனைக்கு வைத்தல், சேமித்தல், வணிக நோக்கில் கொண்டு செல்லல், பயன்படுத்தல் ஆகியவற்றை அரசிதழ் அறிவிப்பின் வாயிலாகத் தடுக்க இப்பிரிவு அரசுக்கு அதிகாரம் தந்தது. பாலித்தீனோடு பாலிபுரோப்பிலீனாலும் இவற்றின் கலவையாலும் ஆன பைகளும் இவ்வரையறைக்குள் அடங்கும்.

2002 திருத்தத்தின்படி, தடை செய்யப்பட்ட பையை உற்பத்தி செய்வோருக்கும் இறக்குமதி செய்வோருக்கும் 10 ஆண்டுகள் வரை சிறை அல்லது 10 இலட்சம் டாகா வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கலாம். விற்போருக்கும் சேமித்து வைப்போருக்கும் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 டாகா வரை தண்டம். ஏற்றுமதிக்காகச் செய்யப்படுவனவற்றுக்கு விலக்கு உண்டு. பொருள்களை முன்னரே அடைத்து விற்கும் தடித்த உறைகளும் தடையில் அடங்கவில்லை.

இவ்விலக்குகள் தவிர்க்க இயலாதவை எனலாம். ஆனால் ஏற்றுமதிக்கும் பொதிகட்டுவதற்கும் பாலித்தீன் தாள் செய்யும் அதே இயந்திரம் இரவில் கடைப் பையும் செய்யும். மூலப்பொருளும் ஒன்றே. ஒரு தொழிற்கூடத்தில் பகலில் நுழையும் அதிகாரிக்கு உரிமம் பெற்ற தொழில் மட்டுமே தென்படும்.

முதல் ஆண்டுகள்

தடை வந்த முதல் மாதங்களில் டாக்காவின் தோற்றமே மாறியது என்று அக்காலச் செய்திகள் கூறுகின்றன. சந்தைகளில் காகித டோங்காக்கள் மீண்டன. சணல் பைகளும் துணிப் பைகளும் தோன்றின. காய்கறிக்கு வலைப் பைகள் வந்தன. அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரங்கள் இடம்பெற்றன. நடமாடும் நீதிமன்றங்கள் கடைகளுக்குச் சென்று அவ்விடத்திலேயே தண்டம் விதித்தன. பொதுமக்களின் ஆதரவும் பரவலாக இருந்தது. கணுக்கால் அளவு சாக்கடை நீரில் வீட்டுக்கு நடந்த நினைவு அவர்களுக்குப் புதிதாகவே இருந்தது.

மறுபுறம், சிறு தொழிற்கூடங்களின் பணியாளர்கள் திடீரென வேலை இழந்தனர். இவர்களுக்கு மாற்றுத் தொழில் ஏற்பாடு செய்வது பற்றிப் பேசப்பட்ட அளவுக்குச் செய்யப்படவில்லை என்பது பிற்கால ஆய்வாளர்கள் கூறும் குறையாகும்.

சணலும் தடையும்

வங்காளதேசம் உலகின் மிகப்பெரிய சணல் விளைநிலங்களுள் ஒன்று. 'பொன்னிழை' என்று அந்நாட்டவர் அழைக்கும் சணல், பல பத்தாண்டுகள் நாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பொருளாக இருந்து செயற்கை இழைகளின் வரவால் சரிந்தது. எனவே பாலித்தீன் தடை சணலுக்கு மறுவாழ்வு தரும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

நடந்தது வேறு. தடை வந்த அதே 2002-ஆம் ஆண்டு, ஜூன் 30 அன்று, டாக்காவை அடுத்த நாராயண்கஞ்சில் இருந்த ஆதம்ஜீ சணல் ஆலை மூடப்பட்டது. ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய சணல் ஆலை என்று பெயர் பெற்றிருந்த இவ்வாலை, தொடர்ந்து இழப்பில் இயங்கிவந்ததால் அரசு இம்முடிவை எடுத்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வெளியேறினர். பாலித்தீனை விலக்கிய அரசே, அதன் இடத்தை நிரப்பக்கூடிய இழையின் பேராலையை ஆறே மாதத்தில் மூடியது. இரு முடிவுகளும் வெவ்வேறு அமைச்சகங்களின் வெவ்வேறு கணக்குகளிலிருந்து பிறந்தவை. எனினும், மாற்றுப் பொருள் மலிவாகக் கிடைக்கச் செய்வது தடையின் ஒரு பகுதி என்று கருதப்படவில்லை என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

2010-இல் இயற்றப்பட்ட சணல் பொதிகட்டாயச் சட்டம், நெல், அரிசி, கோதுமை, உரம், சர்க்கரை முதலியவற்றைச் சணல் சாக்குகளிலேயே அடைக்க வேண்டும் என்றது. பின்னர் இப்பட்டியல் விரிவாக்கப்பட்டது. ஆனால் இச்சட்டம் மூட்டைகளைப் பற்றியது. அரைக் கிலோ மீன் வாங்குபவரின் கைப்பையைப் பற்றியதன்று.

பைகள் திரும்பியமை

2000-களின் இறுதிக்குள் பாலித்தீன் பைகள் டாக்காவின் எல்லாச் சந்தைகளுக்கும் திரும்பிவிட்டன. இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. சணல் பையின் விலை பாலித்தீன் பையின் விலையைப்போல் பல மடங்கு. காகிதப் பை ஈரப் பொருள்களுக்கு உதவாது. ஆட்சி மாற்றங்களோடு ஆர்வமும் மாறியது. சுற்றுச்சூழல் துறையின் பணியாளர் எண்ணிக்கை, கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரைக் கண்காணிக்கப் போதுமானதாக இல்லை. நடமாடும் நீதிமன்றம் ஒரு சந்தையில் சோதனையிட்டு நகர்ந்ததும் பைகள் மேசைக்கு அடியிலிருந்து மீண்டும் மேலே வரும்.

தண்டங்கள் பெரும்பாலும் சில்லறைக் கடைக்காரர்கள் மீதே விழுந்தன. பெருஞ்சிறைத் தண்டனை உற்பத்தியாளர்களுக்கு எழுதப்பட்டிருந்தும், சிக்கியவர் கீரை விற்பவராகவே இருந்தார். அவருக்கும் வேறு வழி இல்லை. பை தராவிட்டால் வாங்குபவர் அடுத்த கடைக்குச் சென்றுவிடுவார்.

இதற்கிடையில் 'டிஷ்யூ பை' என்று மக்கள் அழைக்கும் ஒரு வகைப் பையும் பரவியது. பார்ப்பதற்குத் துணிபோல் தோன்றும் இது, நெய்யாத பாலிபுரோப்பிலீனால் ஆனது. சட்டத்தின் சொற்படி தடைக்குள் அடங்கவேண்டிய இதைப் பலர் சுற்றுச்சூழலுக்கு உகந்த பை என்றே நம்பி வாங்கினர்.

குப்பை பொறுக்குவோரின் பங்கும் இங்குக் குறிப்பிடத்தக்கது. டாக்காவின் தெருக்களில் பழம்பொருள் சேர்க்கும் சிறுவர்கள் 'டோகாய்' எனப்படுவர். ஓவியர் ரஃபிகுன் நபி 1970-களின் இறுதியில் படைத்த கருத்துப்படப் பாத்திரத்தால் இப்பெயர் நிலைபெற்றது. இவர்கள் நெகிழிப் போத்தல்களையும் வாளித் துண்டுகளையும் விடாமல் பொறுக்குவர்; காம்ராங்கிர்சர் போன்ற பகுதிகளில் அவை தரம் பிரித்து மறுசுழற்சி செய்யப்படுகின்றன. ஆனால் சேறு படிந்த மெல்லிய பை நூற்றுக்கணக்கில் சேர்த்தாலும் எடை தராது. கழுவ வேண்டிய உழைப்புக்கு விலை கிடையாது. எனவே அது மட்டும் தெருவிலேயே தங்குகிறது.

புரிகங்கா ஆற்றில்

வடிகால்களைத் தாண்டிய பைகள் பழைய டாக்காவின் ஓரமாக ஓடும் புரிகங்காவில் சேர்ந்தன. ஆற்றின் அடியில் பல அடி கனத்துக்குப் பாலித்தீன் படலம் படிந்திருப்பது கண்டறியப்பட்டு, 2010-இல் உள்நாட்டு நீர்ப்போக்குவரத்து ஆணையம் அதைத் தோண்டி அகற்றும் பணியைத் தொடங்கியது. பைகளோடு கலந்த சேற்றை அள்ளுவது வழக்கமான தூர்வாரும் கருவிகளுக்கு எளிதாக இல்லை. அகற்றப்பட்டது போக, புதியவை வந்து சேர்வதும் நின்றபாடில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு, சாயக்கழிவு, மனிதக் கழிவு ஆகியவற்றாலும் இவ்வாறு நலிவுற்றது. ஆகவே அதன் நிலைக்குப் பைகளை மட்டும் பொறுப்பாக்க முடியாது.

சோனாலி பை

வங்காளதேச அறிவியலாளரான முபாரக் அகமது கான் சணலிலிருந்து செல்லுலோசைப் பிரித்தெடுத்து, பார்வைக்கும் தொடுகைக்கும் பாலித்தீனை ஒத்த, மண்ணில் மட்கக்கூடிய மெல்லிய தாளை உருவாக்கினார். 'சோனாலி' (பொன்னிறமான) எனப் பெயரிடப்பட்ட இப்பையின் முன்னோட்ட உற்பத்தி 2017-இல் டாக்காவின் டெம்ரா பகுதியிலுள்ள லதீஃப் பவானி சணல் ஆலையில் தொடங்கியது. ஈரப் பொருள்களையும் சுமக்கும் என்பதால், 2002-இல் இல்லாதிருந்த மாற்று இதுவே எனப் பலரும் நம்பினர். எனினும் இது பாலித்தீனைவிட விலை கூடியதாகவும் முன்னோட்ட அளவிலுமே நீண்டகாலம் இருந்தது. 2020 ஜூலையில் அரசுக்குச் சொந்தமான 25 சணல் ஆலைகளும் உற்பத்தியை நிறுத்தின.

2020-க்குப் பின்

2020 ஜனவரியில், வங்காளதேசச் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் சங்கமும் பிற அமைப்புகளும் தொடுத்த வழக்கில், கடலோரப் பகுதிகளிலும் நாடெங்கும் உள்ள உணவகங்களிலும் விடுதிகளிலும் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழியை ஓராண்டுக்குள் தடை செய்யுமாறும், நடப்பிலுள்ள பாலித்தீன் தடையைக் கண்டிப்புடன் செயற்படுத்துமாறும் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இருக்கும் சட்டத்தைச் செயற்படுத்துங்கள் என்று நீதிமன்றம் சொல்ல நேர்ந்தமை, 18 ஆண்டுகளில் அத்தடை எந்நிலையை அடைந்திருந்தது என்பதைக் காட்டும்.

உலக வங்கி 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வங்காளதேச நகரங்களில் ஒருவர் ஆண்டுக்குப் பயன்படுத்தும் நெகிழியின் அளவு 2005-இல் 3 கிலோவாக இருந்து 2020-இல் 9 கிலோவாக உயர்ந்தது. டாக்காவில் மட்டும் இது 22 கிலோவுக்கும் மேல். அந்நகரில் நாள்தோறும் 646 டன் நெகிழிக் கழிவு திரட்டப்படுவதாகவும், அதில் 37.2 விழுக்காடே மறுசுழற்சி செய்யப்படுவதாகவும் அவ்வறிக்கை கூறியது. தடை நடப்பில் இருந்த ஆண்டுகளின் கணக்கு இது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பை மட்டுமல்லாமல் எல்லா வகை நெகிழியும் இதில் அடங்கும்.

மழைநீர் வடிகால்களின் பொறுப்பு 2020 டிசம்பர் 31 அன்று குடிநீர் கழிவுநீர் ஆணையத்திடமிருந்து டாக்காவின் இரு மாநகராட்சிகளுக்கு மாற்றப்பட்டது. அதுவரை குப்பை அள்ளுவது ஓர் அமைப்பின் பணியாகவும், அள்ளாத குப்பையால் அடைபடும் பெரிய வடிகால்களும் கால்வாய்களும் வேறோர் அமைப்பின் சுமையாகவும் இருந்தன.

2024 ஆகஸ்டில் ஆட்சி மாறி இடைக்கால அரசு அமைந்தபோது, முற்கூறிய வழக்கறிஞர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த சையதா ரிஸ்வானா ஹசன் சுற்றுச்சூழல் ஆலோசகராகப் பொறுப்பேற்றார். கப்பல் உடைப்புத் தொழிலின் தீமைகளுக்கு எதிரான வழக்குகளுக்காக 2009-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது பெற்றவர் இவர். புதிய சட்டம் எதுவும் இயற்றாமல், 2002-ஆம் ஆண்டின் தடையையே மீண்டும் செயற்படுத்துவதாக இவர் அறிவித்தார். அக்டோபர் 1, 2024 முதல் பேரங்காடிகளிலும் நவம்பர் 1 முதல் காய்கறி, மீன் சந்தைகளிலும் பைகள் விலக்கப்பட்டன. பேரங்காடிகள் சணல் பைக்கும் துணிப் பைக்கும் விரைவில் மாறின. அங்கு வாங்குவோர் அதற்குரிய விலையைக் கொடுக்கக் கூடியவர்கள். திறந்தவெளிச் சந்தைகளில், தடை நாளுக்குப் பின்னரும் பைகள் புழங்கியதைச் செய்தித்தாள்கள் தொடர்ந்து எழுதின.

பிற இடங்களில்

வங்காளதேசம் நாடு தழுவிய தடை விதித்த சில நாள்களிலேயே, மார்ச் 4, 2002 அன்று, அயர்லாந்து பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி விதித்தது. தடை ஏதுமின்றியே அங்குப் பைப் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. கடைகளின் கணக்கேடுகள் ஒழுங்காக உள்ள நாட்டில் வரி எளிது. தெருவோரக் கடைகளே மிகுந்த டாக்காவில் அம்முறை அவ்வாறே செல்லுமா என்பது ஐயத்துக்குரியது. 2005 ஜூலையில் மும்பையைப் பெருமழை மூழ்கடித்தபோது அங்கும் வடிகால்களை அடைத்த பைகள் மீது பழி விழுந்து, மகாராட்டிர அரசு தடையை அறிவித்தது. ருவாண்டா 2008-இலும் கென்யா 2017-இலும் கடுமையான தடைகளைக் கொண்டுவந்தன. ருவாண்டாவில் எல்லைகளிலும் விமான நிலையத்திலும் பயணிகளின் பெட்டிகளிலிருந்தே பைகள் பறிமுதல் செய்யப்பட்டன. டாக்காவின் பைகள் எல்லை தாண்டி வருபவை அல்ல, நகருக்குள்ளேயே செய்யப்படுபவை.